தராசு வீட்டின் கடைசிப் பங்கு

முகாம் மருத்துவமனையின் பதிவில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "ஆண். முதியவர். தொழில் இல்லை. படிப்பறிவு இல்லை. மருத்துவ ஆலோசனைக்கு ஒத்துழைக்காதவர். மருந்துகளைப் பிறருக்கு முறைகேடாக விநியோகிப்பவர், எச்சரிக்கப்பட்டுள்ளார்."

இதில் ஆண் என்பது சரி. முதியவர் என்று எழுதியவர் முகத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். எல்லை தாண்டி நடந்து வந்தவர்களுக்கு முகம் முந்திக்கொண்டு கிழடு தட்டிவிடும். வயது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். படிப்பறிவைப் பொறுத்தவரை, அந்தப் பதிவு எழுதப்பட்ட மொழி அவருக்குத் தெரியாது என்பது உண்மை. எழுதியவருக்கு இவருடைய மொழியைப் பேசத்தான் வரும், எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் அதே அளவு உண்மை. பேனா ஒருவர் கையில் மட்டும் இருந்ததால் இன்னொருவர் படிக்காதவர் ஆனார்.

தொழில் இல்லை என்பதுதான் பெரிய அபாண்டம். சொந்த ஊரில் அவர் தானியக் கிடங்கில் எடை போடுபவர். வாங்குகிறவன் பக்கம் சாய்கிறார் என்று விற்கிறவன் திட்டுவான். விற்கிறவன் பக்கம் சாய்கிறார் என்று வாங்குகிறவன் திட்டுவான். இரண்டு திட்டும் ஒரே கனத்தில் வந்துகொண்டிருந்ததால் ஆள் யோக்கியன் என்று முதலாளி முடிவுகட்டி, கடைசிவரை வைத்துக்கொண்டார். தராசு என்ற பட்டப்பெயர் அங்கே ஒட்டியது. கிடங்கையும் வீட்டையும் விட்டு ஓடிவந்தபோது அது மட்டும் கூடவே வந்தது. அதற்கு யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

முகாமில் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கும். வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய். லாரி வரும்போது அட்டை வைத்திருப்பவர்களின் கணக்குக்கு மாவும் பருப்பும் எண்ணெயும் மூட்டையாக இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பதிவு முடிந்து, அலுவலக ஜன்னல் சாத்தப்பட்ட பிறகு வந்து சேர்ந்தவர்கள் அதே வரிசையில் பாதிப்பேர். சர்க்கார் கணக்கில் அவர்கள் இல்லை. பசிக் கணக்கில் உண்டு. எனவே எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டி, வாய்களின் எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கிறவர் தராசு.

பிரிக்கும் முறை அவர்கள் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்ததுதான். தார்ப்பாய் விரித்து, பால்பவுடர் டப்பாவால் அளந்து குவியல் குவியலாக வைப்பார். அவர் மனைவி குவியல்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். அவள் திரும்பாமல் ஒரு வீட்டைச் சொல்வாள். எந்தக் குவியல் என்று அவளுக்குத் தெரியாது. எந்த வீட்டைச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியாது. ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்கு வாய் இல்லை, அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒரே ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் தெரியும்: தராசு வீட்டின் பெயர் கடைசியில்தான் வரும். மிஞ்சுகிற குவியல் அவர்களுடையது. வேறு மாதிரி நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மாவைப் பிரித்த கை மாத்திரைக்குப் போனதில் ஆச்சரியமில்லை. மருந்தும் அட்டைக்குத்தான் கொடுத்தார்கள். நோய் அட்டை பார்த்து வரவில்லை. செருப்புத் தைப்பவரின் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்குத் தந்த மாத்திரையை, தலைசுற்றல் உள்ள அத்தனை பேருக்கும் தராசு பகிர்ந்தார். பட்டினி வரிசையில் தலை சுற்றாதவர் யார்? ஒருத்தி குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். மருந்து நல்ல வீரியம் என்று அதன் மதிப்பு கூடியது. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து வந்தபோது கண்ணுக்கு ஒரு சொட்டு என்று விட்டார்கள். சண்டையும் வரவில்லை, பார்வையும் வரவில்லை. இதையெல்லாம் அறியாமை என்று சொல்லிவிடலாம். அட்டை உள்ளவன் விழுங்க, இல்லாதவன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எந்த அறிவில் சேர்த்தி என்பதுதான் விளங்கவில்லை.

அந்த வரிசையில் அட்டை இல்லாதவர்களில் ஒருவர் சவரக்காரர். குடும்பம் வழியிலேயே போய்விட்டது. கத்தியும் நாக்கும் மிஞ்சின. எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஆளை உட்காரவைப்பார். அரசியல் பேசுவதென்றால் கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் பேசுவார். ஆகவே எதிர்க்கருத்து எழுந்ததில்லை. சாப்பாடு தராசு வீட்டில். தராசின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார்.

முதலில் அக்காவுக்கு இருமல் வந்தது, அல்லது முதலில் சவரக்காரருக்கு வந்தது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று இருவரும் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வழக்காடுவார்கள். உங்கள் வீட்டுச் சொத்தில் எனக்கு விழுந்த பங்கு இதுதான் என்பார் சவரக்காரர். வாங்கின கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்பாள் அவள்.

முகாம் வாசலில் ஒற்றை அறை மருத்துவமனை. டாக்டர் எப்போதாவது வருவார். நர்ஸ் எப்போதும் இருப்பாள். அவள் சளியை அனுப்பிப் பார்த்து, காசநோய் என்று சொல்லி, அக்காவுக்கு மாதத்துக்கான மாத்திரையைப் பொட்டலமாகக் கொடுத்தாள். தராசு சவரக்காரரையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் இருமுவதைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அட்டை இல்லாதவருக்கு மருந்து தர அனுமதி கேட்டு மேலே எழுதினாள். மறு அறிவிப்பு வரும்வரை பதிவு கிடையாது என்று பதில் வந்தது. விடாமல் மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் வந்தது; முந்தைய பதிலின் நகல்.

ஆகவே தார்ப்பாய் விரிக்கப்பட்டது. மாத்திரை சரிபாதி. ஒற்றைப்படையாக மிஞ்சினால் சவரக்கத்தியால் இரண்டாக்கினார்கள். கொஞ்ச நாளில் இருவருக்கும் காய்ச்சல் விட்டது. சவரக்காரர் மறுபடி அரசியல் பேச ஆரம்பித்தார். முறை வென்றுவிட்டது என்றுதான் வரிசையே நினைத்தது. பிறகு ஒருநாள் குழாயடியில் அக்கா துப்பியது சிவப்பாக இருந்தது.

நர்ஸ் அவளைப் பரிசோதித்துவிட்டுத் தராசைத் தனியே கூப்பிட்டாள்.

"பெரியவரே, மறைக்காம சொல்லுங்க. இந்த மாத்திரையை எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"ரெண்டே பேர்தாம்மா. சரிபாதி. ஒரு தூள் கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நர்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பாதி தின்னா பாதி நோய் போகும்னு நினைச்சீங்களா? நோய் சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் முழுசா குடுத்தாலும் மதிக்காது."

கிடங்கில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. விஷ உருண்டையைக் கொறித்துப் பிழைத்த எலியை அவர் பார்த்திருக்கிறார். அது அப்புறம் எதற்கும் அஞ்சாது.

மழை வந்தால் சாலை அறுந்துவிடும் என்பதால், நர்ஸ் வேறு மருந்தை, பலமானதை, மொத்தமாகக் கொடுத்தாள். ஒருவர்தான் சாப்பிட வேண்டும், முழுதாக, ஒரு நாளும் விடாமல். இன்னொரு தடவை பிரித்தால் இரண்டு குழி தோண்ட வேண்டியிருக்கும், அதையும் சரிபாதியாகத் தோண்டிக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு உட்கார்ந்து, நாம் முதலில் படித்த அந்தப் பதிவை எழுதினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் எழுதினாள்.

மறுநாள் காலை தராசு எண்ணெய் டின்னில் உட்கார்ந்து, முகமெல்லாம் சோப்பு நுரையோடு, நர்ஸ் சொன்னதை அப்படியே சவரக்காரரிடம் சொன்னார். கத்தி தொண்டைக்குழியில் நின்றது. பிறகு நகர்ந்தது.

"அப்போ ஒருத்தருக்குத்தான்."

"ஒருத்தருக்குத்தான்."

"கார்டு அக்காவோடது. மருந்தும் அக்காவோடது. இதுல பிரிக்க என்ன இருக்கு அண்ணே?"

"அவ ஒத்துக்க மாட்டேங்கிறா."

"உங்களைக் கட்டிக்கிட்டதுல பங்கு போடற வியாதியும் அவங்களுக்கு ஒட்டிக்கிச்சு" என்றார் சவரக்காரர். "அதுக்கு மாத்திரை கிடையாது."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பொட்டலத்தைத் தொடமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "கார்டு என் பேர்ல இருக்கு, சரி. இருமல் அவனுக்கும்தானே இருக்கு? தார்ப்பாயை விரிங்க. நான் திரும்பி உட்கார்றேன், எப்பவும் போல. விழுந்தது விழுந்தபடி."

மத்தியானம் விரித்தார். வரிசையே வந்து நின்றது. ஒரு பக்கம் மொத்தப் பொட்டலத்தையும் வைத்தார். மறுபக்கம் வைக்க ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைக் குவிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தார்ப்பாயில் படிந்திருந்த பழைய மாவுப்பொடியில் விரலால் ஒரு வட்டம் போட்டார். சவரக்காரர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வட்டத்தையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அங்கே நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக உறைத்தது. இருப்பது இரண்டே பெயர். அதில் தராசு வீட்டின் பெயர் கடைசி. அப்படியானால் அவர் முதலில் எதைத் தொடுகிறாரோ அது சவரக்காரருக்கு. மாவு பிரித்தபோது அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது, இன்று தெரியும். செருப்புத் தைப்பவர் தொண்டையைச் செருமினார். அவளுக்கு இது உறைக்காமல் போனதற்கும் காரணம் உண்டு. இத்தனை காலம் அவர் தொட்டதெல்லாம் நிறைந்த குவியல்தான். முதலில் சொல்லும் பெயருக்கு வெறுமை விழும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தராசின் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

"இது யாருக்கு?"

"தம்பிக்கு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அவர் விரல் வட்டத்துக்குள் இருந்தது.

"கையை எடுங்க" என்றாள். "மறுபடி கேளுங்க."

அவர் கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சவரக்காரர்தான் பேசினார். "ஒரு தடவை சொன்னா சொன்னதுதான் அக்கா. மாவுக்கு ஒரு நியாயம், மருந்துக்கு ஒரு நியாயமா?" பிறகு தார்ப்பாயைக் குனிந்து பார்த்தார். "வட்டம் நல்லாத்தான் போட்டிருக்காரு. ரொட்டி மாதிரி."

அவர் மட்டும் சிரிக்கப்போய் அது இருமலாக முடிந்தது.

அவள் மாத்திரையை விழுங்கினாள். தினமும் அவர் தண்ணீரோடு முன்னால் நிற்பார். அவள் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு, மூடிக்கொள்வாள். வேறெதற்கும் அவரிடம் அந்த வாய் திறக்கவில்லை. மழை வந்தது, சாலை அறுந்தது. சவரக்காரர் எண்ணெய் டின்னை வரிசையின் கோடிக்கு நகர்த்திக்கொண்டார். அந்த மழைக்காலத்தில் தாடி தங்களுக்கு எடுப்பாக இருப்பதை ஆண்கள் ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள். தராசு மட்டும் வழக்கம்போலப் போய் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், லாரியைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் கத்தியைப் பிடிக்கவே சவரக்காரருக்குத் தெம்பில்லை. அப்போதும் தராசு போய் டின்னில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார்.

சாலை சரியாவதற்குள் சவரக்காரர் இறந்தார். அவர் முகத்தை மழித்துவிட்டது தராசு. பழக்கமில்லாத கை, தாடையில் ஒரு கீறல் விழுந்தது. ரத்தம் வரவில்லை.

அடுத்த லாரி வந்தபோது வரிசைக்காரர்கள் தராசு வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். வேறு யாரையும் கூப்பிட அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர் அளந்து குவித்தார். மனைவி வந்து உட்கார்ந்தாள். முதுகைக் காட்டி அல்ல, குவியல்களைப் பார்த்தபடி. அவர் தொட்டுக் கேட்க, பார்த்துக்கொண்டே பெயர் சொன்னாள். கடைசிக் குவியல் வழக்கம்போல அவர்களுக்கு மிஞ்சியது. அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் திரும்பி உட்காரவில்லை.

அவள் சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் நர்ஸ் பதிவைத் திருத்தினாள். "ஒத்துழைப்பு நன்று. மருந்து முறைகேடு நின்றுவிட்டது. மற்ற குடும்பங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லலாம்." தொழில் இல்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எடையைச் சாய்த்தார். மனைவி யார் பெயரை முதலில் சொல்வாள் என்று தெரிந்தே, வெறும் வட்டத்தைத் தொட்டார்.