இரண்டாவது பீப்பா

நான் பிடித்த சுக்கான்களில் ஒன்றே ஒன்றைத்தான் இன்னொருவன் கையில் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மற்றவை எல்லாம் சரக்குத் தோணிகள். அரிசியும் கூரை ஓடும் புகையிலையும் ஏற்றிக் கடல் கடந்தவை. அவை யார் கைக்குப் போனால் எனக்கென்ன. இது வேறு சங்கதி.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தி, புளியங்கூடலில் ஒரு முதலாளி இருந்தார். தெற்கே கடை வைத்துச் சம்பாதித்து, வயது போனதும் ஊரோடு வந்து சேர்ந்தவர். கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டும் பாய்வள்ளங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. அதை அவர்கள் யொட் என்பார்கள். சரக்கு ஏற்றுவதற்கும் இல்லை, மீன் பிடிப்பதற்கும் இல்லை. காற்றில் வேகமாக ஓடவும், உள்ளே இரண்டு மூன்று நாள் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கவும் செய்யப்பட்ட சின்ன வள்ளம். நயினாதீவுக் கோயிலுக்கும், நெடுந்தீவில் நின்ற தன் மாடுகளைப் பார்க்கவும், கண்டவர்களோடு இடிபடாமல் போய்வர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு துரையிடம் படம் வாங்கி வந்து ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டும் ஓடாவியிடம் கொடுத்தார். கட்டி முடித்ததை ஓடிப் பார்த்துச் சரிசெய்து, வேண்டிய சாமான்களை ஏற்றி ஒப்படைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓடாவி என்னைக் காட்டிவிட்டார்.

"வடிவாய்ச் செய்து தாரும். பிறகும் நீர்தான் இதுக்குத் தண்டையல்," என்றார் முதலாளி. தண்டையல் என்றால் வள்ளத்தை நடத்துகிறவன். அவர் என்னை நீர் என்றார். அவருடைய சாதிக்காரர் எங்களை நீ என்றும் டேய் என்றும்தான் கூப்பிடுவது வழக்கம். அந்த ஒரு சொல்லுக்கே நான் பாதி விலைபோய்விட்டேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் வீடு. தோணியில் போனால் மாதக் கணக்கில் கடல். நான் திரும்பி வரும்போதெல்லாம் என் பிள்ளைகள் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிவார்கள். இந்த வள்ளம் எங்கே போனாலும் நாலு நாளில் ஊர் திரும்பிவிடும். ஆகவே தோணியில் இருந்த என் இடத்தை விட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் உடனே ஏறிவிட்டான். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"அவையின்ரை வாயிலை வந்த சொல்லை நம்பி உள்ளதை விட்டிட்டியள்," என்றாள்.

"அந்தாள் அப்பிடிப்பட்டவர் இல்லை," என்றேன். உண்மையில் அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கெட்டவர் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

முதல்முறை ஓடிப் பார்த்தபோது வள்ளத்தில் ஒன்றும் இல்லை. பாய், கயிறு, நான், என் மச்சான், அவ்வளவுதான். மச்சான் என் மனைவியின் தம்பி. அதிகம் பேசமாட்டான், கயிற்றில் கை வைத்தால் தவறமாட்டான். துறையை விட்டு வெளியே வந்ததும் சுக்கான் என் கையைப் பிடுங்கியது. காற்றுப் பக்கம் திரும்பவே துடித்தது. கரைக்கு வந்து பாய்மரத்தை ஒரு விரல் அளவு முன்னே சாய்த்தோம். அடுத்த நாள் பாயின் பின் விளிம்பு படபடத்தது. பிரித்துத் தைத்தோம். பிறகு பாய்மரத்தை இறுக்கும் கயிறுகள் புதுக்கயிறு என்பதால் நீண்டுகொண்டே போயின, இறுக்கிக்கொண்டே இருந்தோம். இப்படி நாள் தள்ளித் தள்ளி ஒரு பின்னேரம் அனலைதீவுப் பக்கம் போய்த் திரும்பும்போது, தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று நல்ல சீராக வீசியது. சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். பிறகு அதையும் விட்டுப் பார்த்தேன். வள்ளம் தன் பாட்டில் கொஞ்சத் தூரம் நேராக ஓடி, பிறகு மெல்ல முகத்தைக் காற்றுக்குத் திருப்பியது. நல்ல வள்ளம் அப்படித்தான் செய்யும்.

மச்சான் சிரித்தான். நான் சுக்கானின் மரத்தைத் தடவிக்கொடுத்தேன். ஒரு மரச்சாமான் மீது மனிதனுக்கு இவ்வளவு ஆசை வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது சாமான் ஏற்றும் வேலை. முதலாளி மாட்டுவண்டியில் சாமான்களைக் கொண்டுவந்து துறையில் இறக்கினார். விளக்கு, திசைகாட்டி, பாய் தலையணை, குசினிக்கு ஒரு சின்ன இரும்படுப்பு. இவை படத்திலேயே இருந்தவை, ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது. கூடவே ஒரு சாய்மனைக் கதிரையும் வந்தது. அது அறை வாசலுக்குள் தலைகீழாகப் போட்டும் நுழையவில்லை. மச்சான் அதற்குள் உட்கார்ந்து பார்த்து, இதற்கும் ஒரு பாய் கட்டினால் தனியாகவே நெடுந்தீவுக்குப் போகும் என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான். கதிரை வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. முதலாளியும் சிரித்துக்கொண்டுதான் அனுப்பினார்.

குடிதண்ணீர்ப் பீப்பா பாய்மரத்தின் அடியில், வள்ளத்தின் நட்டநடுவில், படத்தில் காட்டிய இடத்தில் சரியாக உட்கார்ந்தது. தீவுகளில் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோகாமல் முடியாது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தபோது முதலாளி வண்டியைக் காட்டினார். அதில் இன்னொரு பீப்பா இருந்தது.

"இது உங்களுக்கு," என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் வீட்டுக் கிணற்றில் நாங்கள் வாளி போட முடியாது. தாகம் என்றால் வேலிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் குவிக்க வேண்டும். உள்ளே நிற்கிறவர் செம்பை உயர்த்தி, கையில் படாமல் ஊற்றுவார். அவர்கள் குடிக்கும் தண்ணீர் நாங்கள் தொட்டால் தீட்டு. தரையில் இதற்கு வேலி இருக்கிறது, முற்றம் இருக்கிறது, எட்ட நிற்க இடம் இருக்கிறது. அந்த வள்ளத்தில் நான்கு எட்டு வைத்தால் கடலில் விழ வேண்டும்.

"முதலாளி, இதையும் நடுவிலையே வைப்பம். ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தால் வள்ளம் ஒரு பக்கமும் இழுக்காது," என்றேன்.

"அதெப்பிடி? ரெண்டும் ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டெல்லோ நிக்கும்."

"அப்ப தண்ணியைக் குறைச்சுக் கொஞ்சமாய் ஏத்துவம்."

"நாலு நாள் போற பயணம். தாகத்தோடை நிக்கிற ஆக்களைப் பாத்துக்கொண்டு நான் குடிக்கேலாது. அது பாவம்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவருடைய அறைக்குள் வைக்க முடியாது, அது அவர் படுக்கும் இடம். முன்பக்கம், அணியத்தில், வைக்க முடியாது, அங்கே அவருடைய அடுப்பு. மிஞ்சியது பின்பக்கம், சுக்கான் பிடிக்கிறவனின் இருக்கைக்குக் கீழே. அங்கே வைத்துக் கட்டினோம். வள்ளம் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடியது. திருப்பினால் காற்றுக்கு முகம் காட்ட மறுத்தது. அதைச் சமப்படுத்த ஓடாவி அணியத்தில் கல் போட்டார். இப்போது முன்னும் பாரம், பின்னும் பாரம். குழி விழுந்த பாதையில் போகும் மாட்டுவண்டியைப் போல ஒவ்வொரு அலைக்கும் ஏறி ஏறிக் குத்தியது. நான் மாதக் கணக்கில் ஒரு விரல் இங்கே, ஒரு தையல் அங்கே என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை ஒரு பீப்பாவோடு போய்விட்டது. தச்சுப் பிழை இல்லை, பாய்ப் பிழை இல்லை. உலகத்தில் வேறு எந்தத் துறையிலும் ஒரு வள்ளத்துக்கு இப்படி ஒரு நோய் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முதலாளி அதைக் கவனிக்காமல் இல்லை. அவருக்குக் கண் இருந்தது. "முந்தின ஓட்டம் இல்லையே," என்று அவரே சொன்னார். ஆனாலும் நெடுந்தீவுக்கு ஒருமுறை போய்வந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வேன் என்றார். அந்தப் பயணம் சரிவந்தால் எனக்கு வேலை நிச்சயம். சரிவராவிட்டால் தோணியிலும் இடம் இல்லை, வள்ளத்திலும் இடம் இல்லை.

நயினாதீவு தாண்டும் மட்டும் ஒருவாறு போனோம். அதற்கப்பால் சோழகம் நேர் எதிராக வந்தது. எதிர்க்காற்றில் இங்கும் அங்கும் வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். வள்ளம் குத்திக் குத்தி நின்றது. முதல்முறை திருப்பினேன், திரும்பவில்லை. இரண்டாம் முறையும் திரும்பவில்லை. காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது, அந்தப் பக்கம் தண்ணீருக்கு அடியில் பாறை நிறைந்த கற்பார் இருந்தது. அலை உடைவது வெள்ளையாகத் தெரிந்தது. வள்ளம் சரிந்தபோது முதலாளி என் மேல் விழுந்தார். விழுந்தவர் என் தோளை விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குத் தீட்டு இல்லைப் போலும்.

"பாரத்தைத் தள்ளாட்டி கல்லிலை ஏறுவம்," என்றேன்.

மச்சான் அணியத்துக்குத் தவழ்ந்து போய்க் கற்களைக் கடலில் போட்டான். முதலாளி என் இருக்கைக்குக் கீழே பார்த்தார்.

"உங்கடை பீப்பாவைத் தள்ளும்."

கயிற்றை வெட்டினேன். ஒரு கையில் சுக்கான், மறு கையால் பீப்பாவை அசைக்க முடியவில்லை. மச்சான் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாளி காலை மடக்கி வழி விட்டாரே தவிர அதில் கை வைக்கவில்லை. வெள்ளையாக உடையும் அலையைப் பார்த்துக்கொண்டு, உயிர்ப் பயத்தில் முகம் வெளிறி, தொடாமல் உட்கார்ந்திருந்தார். பீப்பா போனதும் வள்ளம் மூச்சு விட்டது. சுக்கானைத் தள்ளினேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக் காற்றைத் தாண்டி ஓடியது, அனலைதீவுப் பக்கம் ஓடிய அதே ஓட்டம்.

வெயில் ஏறியது. உப்புத் தண்ணீர் குடித்த வாய் எரிந்தது. மச்சான் உதட்டை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து முதலாளியே செம்பை எடுத்துவந்தார். நாங்கள் கையைக் குவித்தோம். அவர் செம்பை உயர்த்தி ஊற்றினார். ஆடுகிற வள்ளத்தில் தண்ணீர் எங்கள் கைக்கு வரவில்லை. முழங்காலிலும் பலகையிலும் விழுந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடியும் பாதி சிந்தியது. நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று அவருக்கு மெய்யாகவே கவலை. செம்பைக் கொஞ்சம் பதித்து, எங்கள் கைக்குக் கிட்டப் பிடித்தால் போதும். மூன்று பேருக்கும் அது தெரியும். மச்சான் கையை எடுத்துவிட்டு, எனக்குத் தாகம் இல்லை என்றான்.

நெடுந்தீவில் எங்கள் ஆட்களின் வளவில் வயிறு முட்டக் குடித்தோம். அடுத்த நாள் திரும்பும்போது காற்று பின்னால் நின்றது. வள்ளம் பறந்தது. முதலாளி குழந்தைப்பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டார். சுக்கானைத் தான் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கட்டுமா என்று என்னைக் கேட்டார். பிடித்தார். நன்றாகவே பிடித்தார். துறையில் கட்டியதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீர் சொன்னது சரி. இந்த வள்ளத்திலை ரெண்டு பீப்பாவுக்கு இடமில்லை."

அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

"இறுப்பிட்டியிலை என்ரை தங்கச்சியின்ரை மோன் இருக்கிறான். அவனுக்கும் அவன்ரை தமையனுக்கும் கடல் பழக்கம். எங்கடை ஆக்கள் எண்டால் ஒரு பீப்பா போதும். வள்ளமும் கெடாது. நீர் ஒருக்கால் வந்து அவங்களுக்குப் பழக்கிவிடும்."

கோபமாகச் சொல்லவில்லை. வள்ளத்தின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவரைப் போலச் சொன்னார். மருந்தைக் காட்டிக் கொடுத்தவன் நான். ஓம் என்றேன்.

போனேன். போகாமல் என்ன செய்வது, அடுத்த தோணி வரும் மட்டும் அடுப்பு எரிய வேண்டாமா? தம்பிக்காரன் கெட்டிக்காரன், மரியாதையானவனும். எதையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். அந்த வள்ளத்தைப் பிழையாக ஓட்டுவதைப் பார்க்க என்னால் ஏலாது, அதனால்தான். கடைசி நாளில் நான் துறையில் இறங்கிக்கொள்ள, அவர்கள் தனியாக வெளியே போனார்கள். போன கொஞ்ச நேரத்தில் அனலைதீவுப் பக்கம் கருத்துக்கொண்டு காற்று எழும்பியது. பாய் முழுக்க விரிந்து நின்றது. வள்ளம் சரிந்தது. கவிழட்டும் என்று நினைத்தேன். மனிதர் இரண்டு பேர் அதில் இருந்தார்கள், எனக்கு ஒரு கெடுதியும் செய்யாதவர்கள். இருந்தும் முழு மனதோடு நினைத்தேன். எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. பாயை இப்போது சுருக்கினால் தப்பும், இன்னும் கொஞ்சம் பிந்தினால் தப்பாது என்று நான் கரையில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தம்பிக்காரன் நான் சொல்லிக் கொடுத்தபடியே, சரியான அந்த நேரத்தில், பாயைச் சுருக்கினான்.