முதல் மார்க்குக்குச் சிலுவை

“…அத மொதல்ல கழட்டு. வேலியோரமா வெச்சிட்டு அப்புறம் வூட்டுக்குள்ள காலு வை. ஊருல மாரியாத்தாவுக்குக் காப்பு கட்டியிருக்கு,” என்றாள் அம்மா.

கையில் முறத்தோடு வாசலை மறித்து நின்றாள். கண் என் சட்டையில் இருந்தது. அங்கே சிவப்பு நாடாவில் ஒரு தகரச் சிலுவை தொங்கிற்று. பாகூர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்குப் பிரெஞ்சு டீச்சர் மதாம் அதைக் குத்திவிடுவார். அடுத்த சனி வரைக்கும் எங்கே போனாலும் அது நெஞ்சில் இருக்க வேண்டும். பிரான்சில் கெட்டிக்காரர்களுக்கு அப்படித்தான் மரியாதையாம். இரண்டு வருஷம் அடுத்தவள் நெஞ்சில் பார்த்து ஏங்கி, அன்றுதான் எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊரான குருவிநத்தம் வரைக்கும் ஓடியே வந்திருந்தேன்.

“வகுப்புலயே நான்தாம்மா மொத மார்க்கு.”

“மார்க்குக்குச் சிலுவ எதுக்குடி? உன்ன வேதத்துல சேத்துட்டாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து பள்ளிக்கூடம் வாணாம். நடவுக்கு வா.”

அம்மா கத்துகிறவள் இல்லை. கத்தினாலாவது பிறகு மனசு மாறும் என்று நம்பலாம். இப்படி மெதுவாகச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

சத்தம் இல்லாத சண்டைக்கும் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிடுவாள். அம்மாவோடு ஒரே வரிசையில் நாற்று நடுகிறவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரி. சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோலச் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, இதப் போயி சிலுவன்ற? எங்க சிலுவைக்குக் கீழ்க்கால் நீளமா இருக்கும். இதுல நாலும் ஒரே அளவு. தாயக்கட்டம் கணக்கா இல்ல இருக்குது.”

“நீ அப்பிடித்தான் சொல்லுவ. ஒனக்கு ஆள் சேந்தா சந்தோசம்.”

“அட போக்கா. வேதத்துக்குன்னு குடுக்கறதா இருந்தா எம் பொண்ணுக்குல்ல குடுத்திருக்கணும்? பொறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் வாங்குனவ. மூணு வருசமா அதே வகுப்புல குந்திக்கினு இருக்கா. அவளுக்கு ஒரு தகரத்துண்டு காட்டுனாங்களா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் இறங்கிற்று. அம்மாவும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

“உம் பொண்ணும் வாங்குவாடி,” என்றாள். “அதுக்கென்ன அவசரம்.”

பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “கோணலா குத்தியிருக்கா பாரு அந்த மதாம்,” என்று முனகியபடியே அதைக் கழற்றி, உள்ளே போய், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நேராகக் குத்திவிட்டாள். வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தீப்பெட்டி வாங்க வேண்டும் என்று சொல்லி, என்னை முன்னால் நடக்கவிட்டு, தெருவின் இரண்டு கோடிக்கும் போய்வந்தாள்.