காதுகுத்து வீடியோவில் இருந்த கை

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஆகாது. சமயநல்லூரில் எதிரெதிர் வீடு, முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பா காரியத்துக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை என்று ஊர் முன்னால் பேசியவன் அவன். "செஞ்சதுக்கு என்னடா சாட்சி?" என்று கேட்டான். அந்த ஆத்திரத்தில்தான் உள்ளங்கையில் அடங்குகிற ஹெச்டி வீடியோ கேமரா ஒன்று வாங்கினேன். போன் இருக்கும்போது இது எதற்கு என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். செய்யட்டும், இனி நான் செய்வது எல்லாவற்றுக்கும் சாட்சி இருக்கும் என்று எனக்கு வைராக்கியம்.

தங்கை செல்வியின் பையனுக்குக் கீழக்குயில்குடிப் பக்கம் கோயிலில் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அதிலும் மூத்தவன் இருக்கும்போது இளையவன் உட்காரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வழக்கமாவது வெங்காயமாவது. அவனைக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செல்வி அழுதுகொண்டே அவனைக் கூப்பிடாமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் காலையிலேயே நல்ல வெயில். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, பையனை மடியில் வாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். ஆசாரி குத்தியதும் பையன் வீல் என்று கத்தி, மடியிலேயே மூத்திரம் போய்விட்டான், எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். எழுந்து வேட்டியைத் தடவிப் பார்த்தால் பொட்டு ஈரமில்லை. இருக்கிற வெயிலுக்குக் காய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டு டிவியில் கேபிளை மாட்டி, செல்வியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். மணையில் இருந்தவனின் முகம் வெயிலில் வெளுத்துப்போய்த் தெரியவில்லை. பையனை அணைத்திருந்த கை மட்டும் மயிர்க்கால் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. இடது கை, ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பம்ப்செட் பெல்ட்டில் விரலைக் கொடுத்தவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான். எனக்குப் பத்தும் இருக்கிறது, வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள்.

"இது பெரியண்ணன் கை" என்றாள் செல்வி.

எனக்குப் பயம் ஒரு பங்கு என்றால் கோபம் ஒன்பது பங்கு. எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, என் கேமராவில் என்ன செய்து தொலைத்தாய் என்று கத்தினேன். அவன் என்னைவிட வேகமாக வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"செய்வினை வச்சது நீதான்டா. காலைல டீக்கடைல சும்மா உக்காந்திருக்கேன், திடீர்னு மடியெல்லாம் ஈரம். கடையே சிரிச்சுச்சு. எம்புட்டு நாளாடா இந்தத் திட்டம்?"

தெரு விலக்கிவிட்டது. டீக்கடையில் விசாரித்தேன், காலை முழுக்க அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். ஈரத்தையும் பார்த்திருக்கிறார்கள். அதற்காக அவனோடு பேசிவிடுவேனா? இன்றுவரை இல்லை. மடியில் வைத்தது நான், தாய்மாமன் நான்.

பையன் இப்போது கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டான், தூக்கினால் இடுப்பு ஒடிகிறது என்கிறாள் செல்வி. போன வாரம் அவனை என் மடியில் உட்கார வைத்தேன். சிரித்தான், மீசையைப் பிடித்து இழுத்தான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தொடையில் கனமே இல்லை.