குடம் கழுவிய கையோடு

ராஜபாளையத்தில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. டிவி ஸ்டாண்டில் மிஞ்சிய இடத்தில் சின்னத் தொட்டி வைத்து நான்கு சிக்லிட் மீன்கள் விட்டோம். நான் கிட்டே போனாலே நான்கும் கண்ணாடியருகே வந்துவிடும்.

எங்கள் தெருவில் வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அன்று பழைய தண்ணீரைக் கொட்டி, குடங்களைத் தேய்த்துப் புதிதாகப் பிடிப்போம். அந்தக் கையோடு மீன்தொட்டியையும் காலி செய்து நிரப்பினேன். ஃபில்டர் பஞ்சைக்கூடக் குழாயடியில் பிழிந்து அலசினேன். பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. சுத்தமான தண்ணீர் என்று சந்தோஷப்பட்டேன்.

சமைத்துவிட்டு வந்து பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன் வாங்கிய கடைக்குக் கணவர் போன் போட்டார்.

"அம்புட்டுத் தண்ணியையுமா மாத்துனீங்க? அந்த பிளீச்சிங்தான் மீனுக்கு விஷம். பஞ்சு அழுக்குல இருக்குற நல்ல கிருமிதான் தண்ணியக் காப்பாத்திட்டு இருந்துச்சு" என்றார் கடைக்காரர். பிளீச்சிங்கை முறிக்க அவர் சொன்ன மருந்தை வாங்கி வருவதற்குள் மூன்று செத்துவிட்டன.

கணவர் திட்டவில்லை. "ஏட்டி, நல்லதுன்னு நெனச்சுதான செஞ்ச" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போது தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்திருந்து, கால்வாசி மட்டும் மாற்றுகிறேன். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன். மிஞ்சிய ஒரு மீன் பிழைத்துக்கொண்டது. நான் கிட்டே போனால் மட்டும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.