முத்திரை மேடம் வாங்கித் தராத டீ

கல்லூரிப் பதிவு அறையில் வேலை பார்க்கும் முத்திரை மேடத்தை, புதுப் படிப்பில் சேர்ந்த அந்த மாணவன் படிக்கட்டில் பிடித்துத் தள்ளிவிட்டான் என்பதுதான் முதலில் காதுக்கு வந்த செய்தி. மதியத்துக்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. இரண்டு கைகளாலும் தள்ளினானாம். தள்ளிவிட்டுச் சிரித்தானாம். ‘அந்த மாதிரிப் பிள்ளைகளை’ச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றார் வேதியியல் பேராசிரியர். தன் வகுப்பில் யார் தேறுவார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு எந்த வருடமும் முன்பே தெரிந்ததில்லை.

கண்ணால் பார்த்தோம் என்று சொன்னவர்கள் பதினான்கு பேர். விசாரித்ததில், பதின்மூன்று பேர் அந்த நேரம் கேண்டீனில் இருந்திருக்கிறார்கள். பதினான்காமவர் அன்று விடுப்பு. உண்மையில் அங்கே இருந்தவர் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “தள்ளவும் இல்ல, தொடவும் இல்ல. அவன் கீழேருந்து ஏறி வந்தான். இந்தம்மா மேலேருந்து இறங்கினாங்க. அவனப் பார்த்ததும் சட்டுனு திரும்பினாங்க. இவங்க திரும்பினாங்க, படி திரும்பலையே.”

ஏன் திரும்பினார் என்பதைத்தான் சொல்லியாக வேண்டும்.

முத்திரை மேடத்துக்கு வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வயதில் தற்காலிகத் தட்டச்சராக உள்ளே வந்தவர். கல்லூரி முத்திரையின் பொறுப்பு கைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பெயர். கட்டண ரசீது இல்லாமல் முதல்வரின் மகனே வந்து நின்றாலும் சான்றிதழில் முத்திரை விழாது என்பார்கள். ஒருமுறை வந்து நின்றான், விழவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றுவார். முத்திரை ஒரு நூல் கோணலாக விழுந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி குத்துவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் முத்திரையிட்ட பொய் ஒன்றே ஒன்றுதான்.

அது நடந்தது சென்ற ஆண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்காகக் கல்லூரி இரண்டு வருடப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பாதி நேரம் தனி வகுப்பு, பாதி நேரம் மற்ற மாணவர்களோடு ஒரே பெஞ்சில். அதோடு நூலகத்தில் வேலைப் பயிற்சி. மேடத்தின் அம்மா மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, அனுப்பியும்விட்டார். மகனுக்காக, அதாவது மேடத்தைவிடப் பதினெட்டு வயது இளைய தம்பிக்காக. நேர்காணலில் அவன் தேறியும்விட்டான். சுற்றி வளைத்து விண்ணப்பம் மேடத்தின் மேஜைக்கே வந்து சேர்ந்தபோது ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: ‘இக்கல்லூரியில் பணிபுரியும் உறவினர் எவரேனும் உண்டா?’ மேடம் அதில் ‘இல்லை’ என்று எழுதி, கோணாமல் முத்திரை குத்தினார்.

கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடவும் முடியாது. அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவன் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லையும் நூறு தடவை சொல்லிக் கொடுத்தவர். அலுவலகத் தோழிகள் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் அவன் பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போய்விடுவான். அதைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு புதுப் பாடம் நடத்தினார்.

“காலேஜ்ல நான் உனக்கு அக்கா இல்ல, மேடம். உனக்கு என்னைத் தெரியாது. எங்க, சொல்லு.”

அவன் மூன்று முறை சொல்லிக் காட்டினான். சொன்ன சொல் காப்பதில் அவனுக்கு நிகரான ஆள் அந்தக் கல்லூரியில் கிடையாது. காலையில் இருவரும் ஒரே பேருந்தில் கிளம்புவார்கள். ஒரு நிறுத்தம் முன்பே அவன் இறங்கி நடந்து வருவான். இறங்கும்வரை அக்கா, கல்லூரிக்குள் “குட் மார்னிங் மேடம்”. ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அவனுக்கு நாக்குத் தவறவில்லை. முதல் மாதம் மேடத்துக்கு அது நிம்மதியாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அந்த ‘மேடம்’ செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தத் தொடங்கியது. செருப்பைக் கழற்றி உதற வேண்டியதுதானே என்று கேட்கலாம். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எப்படி?

விழுந்த அன்று அவன் நூலகத்திலிருந்து தனியாகப் படியேறி வந்தான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். அதைப் பார்த்தால் மேடத்தின் கை தானாகப் போய்விடும். இருபது வருடப் பழக்கம். மேலே மாடியில் அலுவலகக் குரல்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கை போவதற்குள் உடம்பைத் திருப்பிவிடலாம் என்று பார்த்தார். விழுந்தார்.

கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டவரின் பக்கத்தில் அவனும் உட்கார்ந்து, வகுப்பில் சொல்லித் தந்தபடி கையைப் பிடித்துக்கொண்டான்.

“பயப்படாதீங்க மேடம். உங்க வீட்டுல யாருக்காவது சொல்லணுமா?”

மாடியிலிருந்து வந்தவர்கள் கண்டது இவ்வளவுதான்: கீழே மேடம், பக்கத்தில் அவன், அவர் கை அவன் பிடியில். வதந்திக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர்கள் முதலுதவிக்கு ஆள் தேடி ஓடிய நேரத்தில் அவன் கேண்டீனுக்குப் போய், தன் கைக்காசில் ஒரு டீ வாங்கி வந்தான். “இன்னிக்கு நான் வாங்கித் தந்தேன். அடுத்த தடவை நீங்க வாங்கித் தரணும் மேடம். ஒண்ணா உக்காந்து குடிக்கணும்.” நட்பு என்ற தலைப்பில் அவனுக்கு அந்த வாரம் நடந்த பாடம் அது.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. தள்ளியது உண்மையென்றால் அவன் இடம் போய்விடும், அவனோடு சேர்ந்து அந்தப் படிப்பே போனாலும் போகலாம் என்ற நிலை. முதல்வர் அவனிடம் கேட்டார்.

“இந்த மேடத்தை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“தெரியாதவங்க கையை எதுக்குப் பிடிச்ச?”

“விழுந்துட்டாங்க சார்.”

சொல்லிவிட்டு, விடைத்தாளை நீட்டிவிட்டு மதிப்பெண்ணுக்கு நிற்பவனைப் போல மேடத்தைப் பார்த்தான். மேடம் தரையைப் பார்த்தார். “அவன் தள்ளல சார். நானாத்தான் விழுந்தேன்,” என்றார். எப்படி விழுந்தீர்கள் என்றதற்கு, படி ஈரமாக இருந்தது என்றார். முதல் பாதி அவனைக் காப்பாற்றியது. மறுபாதிக்காகத் துப்புரவுப் பணியாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. ஈரத் துணியே தொடாத படிக்கு! அந்தக் கடிதத்திலும் கோணாத முத்திரை. ஒன்று என்று மேலே சொன்ன கணக்கை இரண்டு என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

மாலையில் வீட்டில் அவன் ஆசையாகக் கேட்டான்.

“நான் சரியாச் சொன்னேனாக்கா?”

அம்மாதான் பேசினார்: “ரொம்பச் சரியாச் சொன்னடா. உங்கக்கா குடுத்த டிரெய்னிங்காச்சே. காலேஜ்ல எவன் இவ்வளவு நல்லாச் சொல்லித் தருவான்?”

மேடம் நொண்டிக்கொண்டே எழுந்து போய் அவனுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். அவன் மிச்சம் வைக்காமல் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு பொறுமையாக விளக்கினான்.

“இது சேராதுக்கா. அது மேடம்தான் தரணும்.”

மேடம் முயலவே இல்லை என்றும் பழி போட முடியாது. கால்கட்டு அவிழ்த்த அன்று பதினோரு மணிக்குக் கேண்டீனுக்குப் போய் இரண்டு டீ கேட்டார். “ரெண்டா? கூட யாரு மேடம்?” என்று கேண்டீன்காரர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். வரிசையில் பின்னால் நின்றது வேதியியல் பேராசிரியர்.

“ரெண்டும் எனக்குத்தான்.”

சுவரைப் பார்த்து நின்றபடி இரண்டையும் மடமடவென்று குடித்து முடித்தார். நாக்கு வெந்துபோனது. மூலை மேஜையில் அவன், பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்றும் விசாரித்தோம். பதினோரு மணிக்குப் பையைக் கீழே வைக்கிறானாம். மணி அடித்ததும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுகிறானாம். டீ இன்னும் வரவில்லை.