அபியின் கட்டுரையும் கோமதி அக்காவும்

துபாய் மீனா பஜாரில் நான் தையல்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. கோமதி அக்கா திருநெல்வேலியில், மகன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். பர் துபாயில் எங்கள் சரக்கு அலுவலகத்தின் கணக்குப் பிரிவைக் கட்டி ஆண்டவர். இளம்பிள்ளை வாதத்தால் இடது காலைச் சாய்த்து நடப்பவர். அவர் அறைக்குள் வருமுன் அவர் சிரிப்பு வந்துவிடும் என்பது கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்.

வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜரிடம் சொன்னாராம்: "லிஃப்ட் ரிப்பேர்னா அன்னைக்கு வீட்ல இருந்துதான் வேல பாப்பேன் சார். இப்பமே சொல்லிட்டேன், பொறவு மூஞ்சியத் தூக்கக் கூடாது." விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் நெருங்கினால், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இருமலைக்கூட விழுங்குகிற கூட்டம் நாம். நம்மில் யார் அப்படிப் பேசுவோம்?

அந்தப் பயம் என் மகள் அபியின் கல்லூரி விண்ணப்பத்திலும் புகுந்தது. அபி இரண்டு காதிலும் கேட்கும் கருவி வைத்திருப்பவள். அமெரிக்கக் கல்லூரிக்குத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். "காதைப் பத்தி மூச்சு விடாதே, கழிச்சுக் கட்டிருவாங்க" என்றேன். பாலைவன சஃபாரி பற்றி எழுதினாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் எழுதியிருந்தார்கள். பிறகு என் கணவர் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் அபி பக்கம் முழுக்க மௌன இருளில் தவித்தாள்.

சனிக்கிழமை சாப்பிட வந்த அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு.

"ஏட்டி சுதா, இதப் படிச்சா அவன் அட்மிஷன் குடுக்க மாட்டான். டொனேஷன் அனுப்புவான்."

என் கணவர் ரசத்துக்குள் குனிந்துகொண்டார்.

"அப்போ எழுதவே வேண்டாமாக்கா?"

"அத அவகிட்ட கேளு. காது அவளோடது." அபியிடம் திரும்பினார். "ஏளா, காது கேக்காததுல உனக்கு என்ன லாபம்?"

அபி யோசிக்கவே இல்லை. "டாட் அட்வைஸ் பண்ணா மெஷினை ஆஃப் பண்ணிடுவேன் ஆன்ட்டி."

"எவ்வளவு நாளா?" என்றார் கணவர். அக்கா சிரித்த சிரிப்பில் அப்பளம் நொறுங்கியது.

அன்று மாலை அபி தானே எழுதினாள். முதல் பத்தியே அந்த ஆஃப் கதைதான். கடைசியில், முன்வரிசை இடம் வேண்டும், பாடம் நடத்துபவர் தன் பக்கம் திரும்பிப் பேச வேண்டும் என்று இருந்தது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

"நோ மா. மறைச்சுட்டுப் போனா நாலு வருஷமும் நடிக்கணும். வேண்டாம்னு சொல்றவங்க இப்பவே சொல்லட்டும்."

சில கல்லூரிகள் வேண்டாம் என்றன. ஒன்று வரச் சொன்னது.

அக்கா போனதைச் சொல்ல அமெரிக்காவில் இருக்கும் அபிக்குப் போன் செய்தேன். அவள் வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். அன்று காலை, போர்டைப் பார்த்தே பேசும் பேராசிரியரை எல்லோர் முன்னாலும் திரும்பிப் பேசச் சொன்னாளாம். வகுப்பு முடிந்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் வந்து நன்றி சொன்னானாம். அவனுக்கும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லையாம். "ஆன்ட்டிகிட்ட சொல்லணும்னு நினைச்சேன் மா."

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒரு பழக்கம். அபி அங்கே எப்படிச் சமாளிக்கிறாள் என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவள் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.