பீர் காய்ச்சுகிறவர் குடித்த பதநீர்

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் உயிரியல் நடத்துகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குவதைப் பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிறு ஆராதனை தவறாத எங்கள் குடும்பத்தில் மது என்ற பேச்சே எழாது.

போன வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மதுக்கடைகள் நிறைந்த ஒரு தெருவில், பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் 'ப்ரூபப்' இருப்பதாகச் சொன்னாள். கூட்டிப் போகச் சொன்னேன்.

"நெசமாத்தான் சொல்லுதியாக்கா? ஊர்க்காரங்க யாராவது பாத்தா?"

"பாக்கிறவங்களும் அங்கனதானட்டி இருப்பாங்க."

சனிக்கிழமை நாலு மணிக்குப் போனோம். கூட்டமில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே எஃகுத் தொட்டிகள். கண்ணாடியில் மூக்கு பட நான் நின்றதைப் பார்த்து, உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்தார். அவர்தான் பீர் காய்ச்சுகிறவர். கோலார்க்காரர், வீட்டில் தமிழ்.

எவ்வளவு சூடு, எத்தனை நாள், அதே ஈஸ்டைத் திரும்பப் போடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் முளைவிடவைத்துக் காயவைத்த பார்லியைக் கையில் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். முதலில் மாவுச் சுவை, பிறகு மெதுவாக இனிப்பு. அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்த, இன்னும் ஈஸ்ட் சேர்க்காத அன்றைய சாற்றையும் ஒரு தம்ளரில் தந்தார்.

"இது பதநீர்லா!" என்றேன்.

அவர் பதநீர் குடித்ததில்லையாம். பானைக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுவார்கள், இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும் என்று விளக்கினேன்.

"நாங்க புளிக்க வைக்கப் பாடுபடுறோம், நீங்க புளிக்காம இருக்கப் பாடுபடுறீங்களா?" என்று சிரித்தார்.

மேசைக்குத் திரும்பினால் தங்கை ஒரு கோப்பை பீர் வாங்கி வைத்திருந்தாள். ஒரு மிடறு குடித்தேன். நிலவேம்புக் கஷாயம் போலக் கசந்தது. மிச்சத்தை அவள் நிதானமாகக் குடித்து முடித்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

இந்தச் சித்திரையில், கன்னியாகுமரி போகும் வழியில், பதநீர் குடிக்க வரச்சொல்லி நான் அன்று போன் நம்பர் கொடுத்திருந்த அந்தப் பீர்க்காரர் பாளையங்கோட்டையில் இறங்கினார். சாலையோரம் பதநீர் விற்பவரிடம் கூட்டிப் போனேன். பனையோலையைக் குடுவைபோல மடித்த பட்டையில் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்: சுண்ணாம்பு எவ்வளவு, எப்போது தடவுவது, தடவாவிட்டால் எத்தனை மணி நேரத்தில் நுரைக்கும்?

விற்பவர் முகம் மாறியது. எங்கள் பக்கம் கள் இறக்கத் தடை.

"என்னவே, இம்புட்டுக் கேள்வி கேக்கீரு? நீரு போலீசா?"

"இல்ல அண்ணாச்சி, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்காரு. நான் பள்ளிக்கூட டீச்சர்" என்று நான் நடுவில் புகுந்தேன்.

விற்பவர் காலிப் பானை ஒன்றைச் சாய்த்து உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டினார். பீர்க்காரர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். சுட்டிருக்க வேண்டும், துள்ளிக் குதித்துத் துப்பினார். விற்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, மூன்றாவது பட்டையை அவரிடம் நீட்டினார்.